பல்கலைக்கழகத்துக்குக் கேள்வியோடு போவோம்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

விதை, உரம், பூச்சி மருந்து என்று வாராவாரம் பேசுகிறோம். இன்று வேறொரு இடுபொருளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது மூட்டையில் வராது, கடையிலும் கிடைக்காது. அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் நம்மில் பலர் அதை வாங்கிப் பயன்படுத்துவதில்லை. நம் வட்டாரத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தைத்தான் சொல்கிறேன்.

"பல்கலைக்கழகத்துக்கும் எங்களுக்கும் என்ன சார் சம்பந்தம்? புள்ளைங்க படிச்சாப் போவாங்க. கைநாட்டுக்காரன் எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் ஒன்றே: அங்கே உங்களுக்கு இருக்கிற வேலை, கேள்வி கேட்பது. கேள்வியை நீங்கள் கொண்டுபோக வேண்டும். பதிலை அவர்கள் உங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டில் ஒன்று நின்று போனாலும் உறவு அறுந்துவிடும். இதை நம் பக்கத்து உதாரணங்களை வைத்தே பார்க்கலாம்.

எம்.கே.பி. நகரும் மாதவரமும்

சென்னைக்கு வடக்கே இருப்பவர்கள் எம்.கே.பி. நகர் என்ற பெயரை பஸ் பலகையில் பார்த்திருப்பீர்கள். மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கம் அது. வியாசர்பாடியை ஒட்டிய குடியிருப்பு. ஒரு பக்கம் தண்டையார்பேட்டை, ராயபுரம், துறைமுகம். வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர். எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைப் புகைக்கூண்டும் கன்டெய்னர் லாரியும்தான். கொடுங்கையூர்க் குப்பை மேடும் அருகிலேயே இருக்கிறது. "இங்கே ஏது சார் விவசாயம்?" என்பீர்கள். ஏர் இல்லைதான். ஆனால் மாடு இருக்கிறது. வடசென்னைச் சந்துகளில் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பால் கறந்து விற்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. தெருவில் மாட்டை விட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். மாநகராட்சி வாங்கும் அபராதமோ 2023க்குப் பிறகு பல மடங்கு ஏறிவிட்டது.

அங்கிருந்து வடமேற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் மாதவரம் பால்பண்ணை வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை இடம் அது. 1903ல் தொடங்கிய, வேப்பேரியில் இருக்கிற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இதன் தாய்வீடு. 1989ல் தனிப் பல்கலைக்கழகமாக ஆனது. கால்நடைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நம் நாட்டில் முதன்முதலில் ஏற்பட்டது இங்கேதான்.

சந்தில் மாட்டைக் கட்டியிருப்பவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சாலைத் தூரம் நாலைந்து கிலோமீட்டர். மனசுத் தூரமோ நானூறு கிலோமீட்டர். பொன்னேரி, சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற உங்களுக்கும் இதே கதைதான். இந்த மனசுத் தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வயிற்றுக்குள் 52 கிலோ

2019 அக்டோபர் மாதம். சென்னைப் புறநகரிலிருந்து ஒரு பசுவை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பசுவுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை நடந்தது. வயிற்றிலிருந்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக். அரை மூட்டைக்கு மேல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்! அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்திருந்தது. மாட்டின் வயிற்றில் இருந்ததோ பல ஆண்டுச் சேமிப்பு.

இது பட்டணத்து மாட்டுக்கு மட்டும் வரும் சங்கடம் என்று நினைக்காதீர்கள். இன்று கிராமத்துக் குப்பைக் குழியிலும் கேரி பேக் கிடக்கிறது. மிச்சச் சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. கவரோடு விழுங்குகிறது. அது செரிக்காது, சாணத்தோடு வெளியேயும் வராது. முதல் இரைப்பையில் பந்து பந்தாகச் சேர்ந்துகொள்ளும். மாடு தீனி குறைக்கும், அடிக்கடி வயிறு உப்பும், அசைபோடுவது குறையும், பால் வற்றும், உடம்பு இளைக்கும். "சினைப் பிடிக்கலே, கண்ணு பட்டுப்போச்சு" என்று நாம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருப்போம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அறுவை செய்து எடுப்பது பல்கலைக்கழகத்து வேலை. அதை அவர்கள் செய்துவிட்டார்கள். ஆனால் அந்த மாடு திரும்பவும் அதே தெருவில்தான் மேயப் போகிறது. தெருவில் கவர் கிடந்தால் வயிறு மறுபடியும் நிரம்பும். ஆகவே பாதி மருந்து டாக்டர் கையில், மீதிப் பாதி நம் வீட்டு வாசலில். மிச்சச் சோறு, காய்கறித் தோலை முடிச்சு அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினால் அதுவே அந்த மீதிப் பாதி. ஒரு பல்கலைக்கழகமும் அதைச் சுற்றியுள்ள மக்களும் கூட்டாளிகளாக இருப்பது என்றால் இதுதான். அவரவர் பங்கை அவரவர் செய்தால்தான் வேலை முடியும்.

அம்மியிலிருந்து ஆராய்ச்சிக்கு

"படித்தவர்கள் சொல்வார்கள், நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அப்படி இல்லை ஐயா. அவர்களும் உங்களிடம் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். மடிநோய் மருந்தே அதற்குச் சாட்சி.

மடிநோய் எவ்வளவு கொடியது என்று கறவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று மடி வீங்கும், நாளைக்குப் பால் திரியும், அடுத்த வாரம் ஒரு காம்பு அடைத்துவிடும். ஒரு காம்பு போனால் மாட்டின் விலை பாதியாகிறது. நோய்க்குப் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசியோ பாலில் இறங்கும். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை ஊற்றக் கூடாது. ஊற்றினால் குடிக்கிற குழந்தைக்குக் கெடுதல். ஊற்றாவிட்டால் நமக்கு நஷ்டம்.

நம் பாட்டிமார் சோற்றுக் கற்றாழையையும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அரைத்துப் போட்டு வந்தார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி இப்படிப்பட்ட கிராமத்து மருத்துவத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. ஊர்களில் கேட்டுச் சேகரித்து, எது எவ்வளவு, எத்தனை தடவை, எத்தனை நாள் என்று அளவு கட்டி, பலன் பார்த்துத் திரும்ப உழவர்களிடமே கொண்டுவந்தார். இன்று தேசியப் பால்வள வாரியம் அதை நாடு முழுவதும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரப்பி வருகிறது. குஜராத்திலும் கர்நாடகத்திலும் மாட்டு மடியில் பூசுவது நம் ஊர் அம்மியில் அரைத்த மருந்து!

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சோற்றுக் கற்றாழை மடல் 250 கிராம். மஞ்சள் தூள் 50 கிராம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். மடலின் முள்ளைச் சீவிவிட்டுத் துண்டு போட்டு, மற்ற இரண்டையும் சேர்த்து மிக்சியிலோ அம்மியிலோ அரையுங்கள். செந்நிறமாக விழுது வரும். அதில் ஒரு கையளவு எடுத்து, 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். மடியைக் கழுவி, உள்ளே நிற்கிற பாலை முழுக்கக் கறந்து கீழே ஊற்றிவிட்டு, மடி முழுவதும் பூசுங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, ஐந்து நாளைக்கு விடாமல் பூச வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். விழுதை அன்றன்றைக்கு அரைப்பது நல்லது. "ரெண்டு தரம் தடவினேன் சார், கேக்கலே" என்று சொல்லாதீர்கள். தடவை குறைந்தால் பலனும் குறையும்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ, மடி குளிர்ந்து நிறம் மாறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணில் போன் செய்யலாம். நோய் வராமல் காப்பது இன்னும் லேசு. கறக்கும் முன் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திப்பி திப்பியாக இருந்தால் நோயின் தொடக்கம். கறந்தவுடன் மாடு படுக்காதபடி அரை மணி நேரம் பசுந்தீனி போடுங்கள். திறந்திருக்கும் காம்பு வழியாகத்தான் கிருமி ஏறுகிறது.

உப்பு ஏறிய கிணறு

மாட்டிலிருந்து தண்ணீருக்கு வருவோம். எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக்காரர்களுக்குக் கிணறு உப்பாய்ப் போன கதை தெரியும். பட்டணத்துக் குடிதண்ணீருக்கும் தொழிற்சாலைக்கும் பயிருக்கும் என்று நிலத்தடி நீரை வருஷக்கணக்கில் இறைத்தோம். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் தண்ணீர் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்தது. 1960களின் கடைசியிலேயே இது தெரிந்துவிட்டது. பிறகு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

நிலம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்டு இருக்கிறது. தண்ணீரும் வருகிறது. வாயில் வைத்தால் கரிக்கிறது. இதைவிட விவசாயிக்குக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

கிண்டியில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2011 முதல் 2014 வரை நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் இந்தப் பக்கம் வந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் ஆண்டார்மடம் கிராமத்தில் 2012ல் சோதனைக்காக ஒரு சிறிய கசிவுநீர்க் குட்டை வெட்டினார்கள். எங்கே வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று மண்ணைச் சோதித்து இடம் பார்த்தார்கள். வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் தொடர்ந்து அளந்தார்கள். மழைநீர் இறங்கியதும் குட்டையை ஒட்டிய இடத்தில் நீர்மட்டம் ஏறியது, உப்பு தணிந்தது. ஆரணி ஆற்றில் பாலேஸ்வரத்தில் 2010ல் கட்டிய தடுப்பணை எவ்வளவு தண்ணீரைப் பூமிக்குள் அனுப்புகிறது என்பதையும் அதே துறையினர் அளந்து பார்த்தார்கள்.

ஒரு சின்னக் குட்டையால் கடலையே திருப்பி அனுப்பிவிட முடியாது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எங்க ஊரிலே குட்டை வெட்டினா உப்பு குறையுமா?" என்ற கேள்விக்கு வாய்வார்த்தையாக இல்லாமல் அளந்த பதில் ஒன்று கிடைத்துவிட்டது. அடுத்த முறை ஊராட்சியில் குட்டை வெட்டுகிறபோது, பொக்லைன் எங்கே எளிதாகப் போகும் என்று பார்க்காமல், தண்ணீர் எங்கே இறங்கும் என்று பார்த்து இடம் குறிக்கச் சொல்லலாம். பல்கலைக்கழகம் ஊருக்குக் கொடுக்கிற பெரிய உதவி அந்த அளவுகோல்தான்.

ரேடியோ நெல்லும் பால் சோதனையும்

இப்படிப்பட்ட உறவு நேற்று முளைத்தது இல்லை. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி ஊர் ஊராக அறிமுகப்படுத்தியது. தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை விஞ்ஞானி வைக்கவில்லை, விவசாயி வைத்தார். ஒரு கண்டுபிடிப்பு ஊருக்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்த ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1971ல் அமைந்தது அந்தப் பல்கலைக்கழகம். அதன் பொறுப்பில்தான் 1974ல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் திறந்தார்கள். இன்று நாடு முழுவதும் எழுநூற்றுக்கு மேல் இருக்கின்றன.

வெளிநாட்டிலும் ஒரு கதை உண்டு. பால் ஊற்றுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1862ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அரசு நிலத்தைக் கொடுத்து, விவசாயமும் தொழிலும் கற்றுத்தரும் கல்லூரிகளை மாநிலந்தோறும் ஏற்படுத்தினார்கள். அந்த வகையில் ஒன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே பால் சேகரிக்கும் இடங்களில் எடை போட்டு மட்டும் பணம் கொடுத்து வந்தார்கள். கெட்டிப் பால் ஊற்றினவனுக்கும் அதே காசு, தண்ணீர் கலந்தவனுக்கும் அதே காசு. நேர்மையான விவசாயி வயிறெரிந்தான். ஸ்டீஃபன் பாப்காக் என்ற பேராசிரியர் 1890ல் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று சுலபமாகக் காட்டும் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்று நம் பால் சங்கத்தில் கொழுப்புப் பார்த்துப் பணம் போடுகிறார்கள் இல்லையா? கருவிகள் மாறியிருக்கலாம். ஆனால் தரத்துக்குத் தக்க விலை என்ற நியாயம் அந்த மாதிரி சோதனைகளால் வந்ததுதான். விவசாயியின் வயிற்றெரிச்சல் ஒரு பேராசிரியரின் மேஜைக்குப் போய், அங்கிருந்து நியாயமாகத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1914ல் இன்னொரு சட்டம் போட்டு, பல்கலைக்கழகத்து ஆட்களே வட்டாரந்தோறும் விவசாயிகளிடம் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் செய்யும் வேலைக்கு அதுவும் ஒரு முன்னோடி.

திரும்பி வராத பதில்

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குறையும் இருக்கிறது.

ஓர் ஊரில் ஒரு விவசாயி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "படிக்கிற புள்ளைங்க நாலு பேர் வந்தாங்க சார். மண்ணு எடுத்தாங்க, தண்ணி எடுத்தாங்க, என் வீட்டு ஆடு மாடு கணக்கெல்லாம் எழுதிக்கிட்டாங்க. மோர் குடுத்து அனுப்புனேன். அவங்களுக்குப் பட்டம் கிடைச்சிருக்கும். எனக்கு ஒரு கடுதாசிகூட வரலே." அது எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. இப்படி ஒரு தடவை நடந்தால் அந்த ஊரில் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தாரும் சில கடமைகளை ஏற்க வேண்டும். மாதிரி எடுத்தால் முடிவை அந்த ஊருக்கே வந்து, தமிழில், புரிகிறபடி சொல்ல வேண்டும். சோதனை தோற்றுப்போனால் தோற்றது என்றும் சொல்ல வேண்டும். அதுவும் பாடம்தான். விவசாயியின் நிலத்திலோ மாட்டிலோ புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிப் பேசிக்கொள்ள வேண்டும். மாட்டைப் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பயிற்சிக்கு ஆண்களை மட்டும் கூப்பிட்டால் பாடம் தொழுவத்துக்குப் போய்ச் சேராது. பெண்களுக்குத் தோதான நேரத்தில், காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவே பயிற்சியை வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் பங்கு. ஐந்து காரியம் சொல்கிறேன்.

ஒன்று, எந்த வாசலுக்குப் போவது என்று தெரிந்துகொள்ளுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் திரூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மீன் வளர்ப்புக்குப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி. பாலைப் பண்டமாக்கி விற்க நினைக்கிறவர்களுக்குக் கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி. மற்ற மாவட்டங்களிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் உண்டு. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே கேட்கலாம்.

இரண்டு, தனியாகப் போகாமல் ஊராகப் போங்கள். "என் மாடு பால் குறைஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு மாட்டின் வியாதி. "எங்கள் சங்கத்தில் நாற்பது மாடு பால் குறைந்திருக்கிறது" என்றால் அது ஆராய வேண்டிய பிரச்சினை. பால் சங்கத்திலோ உழவர் குழுவிலோ மகளிர் குழுவிலோ பேசி, கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, நகலை எடுத்துக்கொண்டு போங்கள். கிராம சபை இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. தீர்மானம் எழுதின காகிதத்துக்கு ஒரு கனம் உண்டு.

மூன்று, கணக்கோடு போங்கள். "முன்னைக்கு இப்ப பால் கம்மி" என்பதைவிட, "தை மாசம் 9 லிட்டர், மாசியில் 6 லிட்டர்" என்பது பத்து மடங்கு உதவும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். கறவை, தீனி, சினை ஊசி போட்ட தேதி, கிணற்று நீர்மட்டம் இவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பார்த்தால் எந்த விஞ்ஞானியும் உங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார்.

நான்கு, மாதிரியைச் சரியாக எடுத்துப் போங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். மண் என்றால் வரப்போரம், எருக்குழி, மர நிழல் இவற்றை விட்டுவிட்டு, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழம் வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக்கிலோ கொண்டுபோக வேண்டும். பெயர், சர்வே எண், போட்ட பயிர், தேதி எழுதிய சீட்டு அவசியம். தவறான மாதிரிக்குச் சரியான பதில் வராது.

ஐந்து, பதிலைக் கேட்டு வாங்குங்கள். மாணவர்கள் ஊரில் வந்து தங்கிப் படிக்கும் திட்டம் வேளாண்மைக் கல்லூரிகளில் உண்டு. 2014ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உயர்கல்வி நிறுவனங்கள் தங்கள் பக்கத்துக் கிராமங்களைத் தத்தெடுத்து வேலை செய்கின்றன. உங்கள் ஊரை எந்தக் கல்லூரியாவது எடுத்திருக்கிறதா என்று ஊராட்சியில் விசாரியுங்கள். எடுத்திருந்தால், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், எங்கள் ஊரை எடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். வருகிற பிள்ளைகளுக்கு மோர் கொடுங்கள், அது நம் பண்பாடு. அதோடு, "முடிவை எப்போ வந்து சொல்லுவீங்க தம்பி?" என்று ஒரு தேதியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன்

பெரியோர்களே, ஒரு மாடு என்பது ஏழைக் குடும்பத்துக்கு வங்கிக் கணக்கு. ஒரு கிணறு என்பது நாலு தலைமுறையின் சொத்து. மடி அடைத்துப்போன பிறகும், கிணறு கரித்துப்போன பிறகும், "விதி" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். அப்படி உட்கார வேண்டிய அவசியம் இல்லை. நம் பணத்தில் சம்பளம் வாங்கும் படித்த மூளைகள் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கின்றன. அவர்களுக்கும் நம் கேள்வி தேவை. கேள்வி வராத ஆராய்ச்சி, மழை பெய்யாத ஏரி மாதிரி. கரை பலமாக இருக்கும், உள்ளே தண்ணீர் இருக்காது.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்குள் உங்கள் தெருவில் நாலு வீடு உட்கார்ந்து பேசுங்கள். நம்மை அதிகமாக வாட்டுவது எது? மடிநோயா, உப்புத் தண்ணீரா, தீனிப் பஞ்சமா? ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தெளிவாக எழுதி, கணக்கு நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஐந்து பேராக, அதில் இரண்டு பேராவது பெண்களாக, பல்கலைக்கழகத்து வாசலுக்குப் போங்கள். வாட்ச்மேன் "என்ன விஷயம்?" என்று கேட்டால், "ஒரு கேள்வி கொண்டுவந்திருக்கோம்" என்று சொல்லுங்கள்.